அக்காவும் ஆமென் சொன்னார்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். ரேணிகுண்டாவில் வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஞாயிறு சாயங்காலம், எங்கள் தமிழ் ஜெபக் குழுவை நடத்தும் குளோரி அக்கா வீட்டில் கூட்டம். வழக்கம்போல் போனில் லைவ் ஓடியது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம், போன் மூடவில்லை. அக்கா உருகி ஜெபித்தார்: "தகப்பனே, கல்யாண நிச்சயம் நின்னுபோய் அழுதுகினு இருக்கிற எங்க ஹெப்சிபாவத் தேற்றும்!" இங்கே ஒருவரிடமும் நான் சொல்லாத விஷயம். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

அடுத்து என் முறை. ஜெபத்தை நடுவில் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? "ஆண்டவரே, அக்கா பேச்சு தாங்காம அம்மா வீட்டுக்கே போய்ட்ட அவங்க மருமகள நினைச்சருளும். அக்கா வாயைக் கட்டும்" என்றேன், நிதானமாக, கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அதற்கும் ஆமென் என்றார்கள். அக்காவும் சொல்ல வேண்டியதாயிற்று. பாவம்தான். ஆனாலும் அன்றைக்குச் சோறு இனித்தது.

குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் பழைய பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள், ரூமில் தனியாகப் பாடிக்கொள்கிறேன். எலுமிச்சை ஊறுகாயும் வேண்டும்.

நம் வீட்டில் அக்காவின் நம்பர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. "எம் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றுதானே சொன்னீர்கள்?

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இனி எனக்காக நீங்களே ஜெபியுங்கள், அம்மா. சத்தமில்லாமல்.

உங்கள்
ஹெப்சிபா