வலது மட்கார்டும் நான்காவது வரியும்

ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டியிருப்பது துருவா என்று இன்று அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா கேட்டார். மர ஸ்கேலில் எப்படித் துரு வரும் என்று அவரே சிரித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார். வாங்கி இழுப்பறையில் வைத்தேன். அது இரும்புத் தகட்டில் பெயிண்டுக்கு முன்னால் பூசும் ரெட் ஆக்சைடு பிரைமர். உன் பெருவிரலிலிருந்து ஒட்டியது, அண்ணா. நீ போய் நான்கு வருஷம் ஆகியும் அந்த இடத்தில் உன் ரேகை பாதி தெரிகிறது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் வைத்திருந்த ஸ்கேல். நான் பி.காம். முடித்து வீட்டில் இருந்த வருஷம், ஒரு நாள் கேட்காமலே எடுத்துப் போய்விட்டாய். கேட்டதற்கு, "மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவுல இது மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணு போல இறங்கணும்ட்டி. அங்கன இறுக்கமாவும் இங்கன லூசாவும் இருந்தா வண்டி பல்லைக் காட்டுத மாதிரி இருக்கும்" என்றாய். என் ஸ்கேலின் கனம்தான் அந்த இடைவெளிக்குச் சரியாக இருந்ததாம்.

முதலாளியிடமிருந்து விலகி வண்ணார்பேட்டையில் நீ தனியாகக் கொட்டகை போட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. தகடு தட்டி ஒட்டும் டிங்கரிங் வேலைக்கு வந்ததெல்லாம் லாரி கேபின்கள். முதன்முதலில் வந்த கார் வக்கீல் அண்ணாச்சியுடையது. அவர் அப்பா காலத்துச் சீமைக் கார். மாட்டுத்தொழுவில் பல வருஷம் கிடந்து, முன்பக்க மட்கார்டு இரண்டும் வலது கதவும் அரித்துப் போயிருந்தன. லண்டனில் இருந்த அவர் மகன், பழைய அளவிலேயே இப்போது புதிதாக அடித்து விற்கும் மட்கார்டுகளையும் கதவையும் கப்பலில் அனுப்பியிருந்தார். ஆவணியில் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். ஊரே பார்க்கும், அதன்பின் பாளையங்கோட்டைக் கார்கள் எல்லாம் நம் கொட்டகைக்கு வரும் என்று நீ நம்பினாய்.

பெட்டிக்குள், அவற்றை எப்படி மாட்டுவது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. நீ எட்டாவதோடு நின்றவன். நான் அதைத் தமிழில் பன்னிரண்டு வரிகளாக எழுதித் தந்தேன். சுவரில் ஒட்டிவைத்து, டீக்கடைவரை போய், "என் தங்கச்சி லண்டன் தாளைப் படிச்சுச் சொல்லுதா" என்று சொல்லிவிட்டு வந்தாய். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மட்கார்டை ஏற்றவிருந்த வெள்ளிக்கிழமை காலை நான் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தேன். அண்ணாச்சி தன் மச்சினர்கள் மூவருடன் வந்து இறங்கினார். கையில் சந்தனக் கிண்ணம். வலது மட்கார்டுக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம் வே. அதுக்குள்ள இதை ஏத்தி இறுக்கிரும்."

"ஏத்துதேன் அண்ணாச்சி. இறுக்கறதைப் பொறவு பாப்போம். கதவை மாட்டிப் பாத்துட்டு..."

"நல்ல நேரத்துல பாதி வேலை செஞ்சா நல்லாருக்குமா? கல்யாண வண்டி வே இது."

"ஸ்பேனரை எடுக்கவே ராகு காலம் வந்திரும் போலயே" என்றார் மச்சினர் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

புது மட்கார்டின் ஓட்டைகள் வண்டியின் ஓட்டைகளோடு சரியாகப் பொருந்தவில்லை. புதிதாக அடித்தவை அப்படித்தான் இருக்கும், பைய நகர்த்திப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும் என்று முந்தின வாரமே நீ என்னிடம் சொல்லியிருந்தாய். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"ஏட்டி, தாள்ல என்ன போட்டிருக்கு? அண்ணாச்சிக்குப் படிச்சுக் காட்டு."

தாளில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். மனப்பாடமாகவே தெரியும். ஒரு டிங்கர் சொன்னால் கேட்காத அண்ணாச்சி, படித்த பெண் லண்டன் தாளைப் பார்த்துச் சொன்னால் கேட்பார் என்றுதான் என்னிடம் கேட்டாய். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சுவர் நான்கு அடி தூரத்தில் இருந்தது.

"அப்படி ஒண்ணும் போடல" என்றேன்.

நீ இன்னொரு முறை கேட்கவில்லை. துளைக்கும் மிஷினை எடுத்துப் புது மட்கார்டில் இரண்டு ஓட்டைகள் போட்டாய். போல்ட்டுகளை முழுவதும் இறுக்கினாய். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அண்ணாச்சி எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

மத்தியானம் கதவை மாட்டினாய். திறந்தபோது அதன் முன் ஓரம் மட்கார்டில் உரசி கிரீச்சென்றது. மேலே ஸ்கேல் நுழையவே இல்லை. கீழே என் விரல் போயிற்று.

மறுநாளே மட்கார்டை இறக்கினாய். போட்ட ஓட்டைகள் இரண்டையும் கேஸ் வெல்டிங் வைத்து அடைத்தாய். சூட்டில் மெல்லிய தகடு நெளிந்தது. அந்த நெளிவைத் தட்டித் தட்டி எடுக்கவே நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அண்ணாச்சி வந்தபோது மட்கார்டு சாக்கின்மேல் கிடந்தது.

"நல்ல நேரத்துல ஏத்துனதைக் கீழ போட்டிருக்கீரே வே!"

"என் அவசரம் அண்ணாச்சி. தப்பு என்னுது."

நான் அப்போதும் அங்கேதான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதிதான் சரி. நம் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே மூன்று வருஷம், கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து பழகியிருந்தேன். அதனால் யாருக்கும் எதுவும் நேர்ந்ததில்லை.

கல்யாணத்துக்கு வண்டி போயிற்று. நன்றாகவே இருந்தது என்றார்கள். ஆனால் நல்ல நேரத்தில் ஏற்றியதை இறக்கிய வண்டி என்று அண்ணாச்சி மனதில் விழுந்துவிட்டது. அவர் யாரையும் நம் கொட்டகைக்கு அனுப்பவில்லை. அதன்பிறகும் உனக்கு லாரி கேபின்கள்தான் வந்தன. ஸ்கேலைத் திருப்பித் தரும்போது, "இந்தா பட்டதாரி. கோடு நேரா போடு" என்றாய். கோபமாகச் சொன்னாயா, விளையாட்டாகச் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள்தான் படுத்திருந்தாய்.

போன மாதம் கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்தக் கார் நின்றது. மதிய இடைவேளை. சுற்றிலும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வலது பக்க இடைவெளியில் விட்டேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கிற்று. மட்கார்டின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். இரண்டு சின்ன மேடுகள் விரலில் தட்டுப்பட்டன.

"யாரும்மா அது?" என்று அண்ணாச்சி வந்துவிட்டார். யார் என்று சொன்னேன். சொல்லத் தொடங்கியதால் மீதியையும் சொன்னேன். அன்றைக்குத் தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை, தப்பு அண்ணனுடையது இல்லை என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"எந்தத் தாளும்மா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே. உங்க அண்ணன் நல்ல வேலைக்காரன். பாவம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கதவு ஒரே தட்டில் மூடிக்கொண்டது.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். இப்போது நான் மட்டும். கொட்டகையைக் காலி செய்த அன்று சுவரிலிருந்து அதைக் கிழியாமல் எடுத்து வந்தேன். ஸ்கேலோடு மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்று மாலை எல்லோரும் போன பிறகு எடுத்து, நீ படிக்கச் சொன்னதை வாய்விட்டுப் படித்தேன்.

நான்காவது வரி: "எல்லா போல்ட்டுகளையும் பாதியளவே முறுக்கி, கதவை மாட்டி, மூடித் திறந்து பார்க்கவும். இடைவெளி சரியாக அமையும்வரை எதையும் இறுக்க வேண்டாம். புதிய ஓட்டை போட வேண்டாம்."