பதினான்காம் எண் சட்டை

தண்டர் பே,
11 ஜனவரி 1976

அன்புள்ள வைனோ மாமாவுக்கு,

ஹெல்மி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் உங்கள்மேல் கோபம். வின்னிபெக் போனதிலிருந்து தங்கைக்கு நான்கு வரி எழுதாதவர், ஹாக்கியைப் பற்றி உனக்கு நாற்பது பக்கமா என்று கேட்கிறாள்.

நம் ஊர் ஐஸ் ஹாக்கிப் பனித்திடலின் ஐம்பதாம் ஆண்டு மலர் அச்சாகி வந்துவிட்டது. உங்கள் நினைவுகள் முழுவதையும் நானே தட்டச்சு செய்தேன். மோதலுக்குப் போகுமுன் பல்செட்டைக் கழற்றி முன்வரிசையில் இருந்த உங்கள் கையில் கொடுத்த ஆட்டக்காரர் லிண்ட்ஸ்ட்ரோமைப் பற்றிப் படித்து எங்கள் வகுப்பே சிரித்தது. தோற்ற நாளில் கோல் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கும் கோல்காப்பாளர் ப்யூஷேயை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரே ஒரு திருத்தம். 1951 இறுதி ஆட்டத்தின் வெற்றி கோலை ரெய்னோ ஹார்யு அடித்ததாக எழுதியிருந்தீர்கள். நூலகத்தில் பழைய ஸ்கோர் தாளைப் பார்த்தேன். அடித்தவர் அதே அணியின் டிரெம்ப்ளெட். பெயரை மாற்றிவிட்டேன், கவலைப்பட வேண்டாம். இரண்டு பிரதிகள் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பிரியமுள்ள மருமகள்,
ஹெல்மி


வின்னிபெக்,
24 ஜனவரி

அன்பு ஹெல்மிக்கு,

மலர் கிடைத்தது. பிழையில்லாமல் தட்டச்சு செய்திருக்கிறாய். மலரைப் படித்த என் பழைய நண்பன் டோய்வோ தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏன்டா வைனோ, ரெய்னோ கோல்னு சொல்லிட்டிருந்தியே, அன்னிக்கு காபியில என்னத்தக் கலந்து குடிச்சே?” என்று கேட்டான். அது போகட்டும்.

ரெய்னோவின் மனைவி சய்மி இந்த ஊரில்தான் இருக்கிறாள். அவன் சம்பளத்துக்கு ஆடியது இரண்டே பருவம். பிறகு காகித ஆலைக்குப் போய்விட்டான். இறந்து ஒன்பது வருடமாகிறது. அவன் வாழ்நாளில் அடித்தது அந்த ஒரு கோல். அவள் அன்று ஊரில் இல்லை, பார்க்கவில்லை. அவன் தன்னைப்பற்றிப் பேசுகிறவனும் இல்லை. பார்த்துச் சொன்னவன் நான்தான். இரண்டாவது பிரதியை அவளுக்கென்றுதான் கேட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே வந்த அதைத் திறந்து பார்க்காமலே தேவாலயத்துக் காபி நேரத்தில் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் படித்துவிட்டு மூடினாள். “வைனோ, இத்தனை வருஷமா என் மனசு ஆறட்டும்னுதான் அந்தக் கதையைச் சொன்னீங்களா?” என்றாள்.

அப்போது யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. கோல் அடித்தவன் முகத்தை நான் பார்த்தேன், ரெய்னோதான். தாளில் வேறு பெயர் என்கிறாய். இருபத்தைந்து வருடம் கழித்து என் கண்மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. இனி ஹாக்கி பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மாமா


தண்டர் பே,
2 பிப்ரவரி

அன்புள்ள மாமா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நூலகத்துக்கு மறுபடி போனேன். அந்த ஸ்கோர் தாளில் கோல் அடித்தவர் பெயரே இல்லை. 14 என்ற எண் மட்டும்தான். அணிப் பட்டியலைப் பார்த்து டிரெம்ப்ளெட் என்று முடிவு கட்டியது நான்.

பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் கையெழுத்துப் பக்கங்களை எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது: “ரெய்னோவின் நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கடைசிப் பகுதிக்கு, கால் அடிபட்டு உள்ளே உட்கார்ந்திருந்த டிரெம்ப்ளெட்டின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.”

மாமா, இந்த வரிகளை நான் தட்டச்சு செய்யவில்லை. விழா மலரில் ரத்தம் நன்றாக இருக்காது என்று நானே வெட்டினேன். உங்களைக் கேட்கவும் இல்லை. வகுப்பில் நன்றாக எழுதுகிறவள் என்ற கர்வம்.

மலர்க் குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு பேருக்காக மறுபடி அச்சடிக்கணுமாம்மா? யார் படிக்கப் போறா?” என்றார். மீதியிருந்த பிரதிகளில் நானே திருத்தச் சீட்டு ஒட்டினேன். வீடுகளுக்குப் போய்விட்டவற்றை என்ன செய்வது?

பதினேழாம் பக்கத்தையும் சய்மி அத்தைக்கு ஒரு கடிதத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கொடுங்கள். நீங்கள் பார்த்தது உண்மை.

ஹெல்மி


வின்னிபெக்,
15 பிப்ரவரி

அன்பு ஹெல்மி,

உன்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டை மாறியதை எழுதிய எனக்கே அது உறைக்கவில்லையே.

ஞாயிறன்று சய்மி வீட்டுக்குப் போய் உன் கடிதத்தையும் என் பக்கத்தையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தாள். சட்டை மாறிய விஷயத்தை நானும் வாயால் சொன்னேன்.

கடைசியில் இரண்டையும் மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “உங்க மருமகளுக்கும் உங்களை மாதிரியே நல்ல மனசு, வைனோ. எனக்காகச் சின்னப் பொண்ணு எவ்வளவு யோசிச்சு இந்தச் சட்டைக் கதையை எழுதியிருக்கா” என்றாள்.

பிறகு காபி ஊற்றினாள். குடித்துவிட்டு வந்தேன்.

மாமா