ஐஸ் கொட்டகைக்கு எந்த நெருப்பு

மார்ச் 4

ஊர்க் கொட்டகையில் ஐஸ் இயந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது. கம்ப்ரசரிலிருந்து போகும் செம்புக் குழாயில் கீறல். மீன் விற்கிற மேரேவை கூடை நிறைய மீனோடு வந்து நின்றாள். "ஐஸ் இல்லாம இதை சவுசவு டவுன் சந்தைக்குக் கொண்டுபோனா நாய்தான்டி வாங்கும்." நான் ஒட்டித் தருகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு முன் சுவா நகரத்தில், குளிர்கிடங்கில், இதுதானே என் வேலை.

சாப்பிடும்போது என் கணவர் இலியேசா நிமிராமலே சொன்னார்: "நீ இனிமே நெருப்பைத் தொடக்கூடாது. கையைப் பாரு."

பார்த்தேன். தீச்சுட்ட தழும்பு முழங்கை வரை. என் கைதானே அது?

மார்ச் 6

அவருக்காக விட்டுக்கொடுத்து, பெரிய நெருப்பை எடுக்கவில்லை. கீறிய இடத்தை வெட்டிப் புதுத் துண்டு வைத்து, சமையல் காஸ் டார்ச்சில் ஈயம் பற்றவைத்தேன். தண்ணீர்க் குழாய்க்கு அது போதும். இதற்குப் போதாதென்று தெரியும். தெரிந்தும் ஏன் செய்தேன்? வீட்டில் சண்டை வேண்டாமென்று.

மார்ச் 7

ஒட்டு விட்டுப்போச்சு. கம்ப்ரசரின் அழுத்தத்தையும் உதறலையும் ஈயம் தாங்கவில்லை. இலியேசா வாசலில் நின்று சிரித்தார். "சுவாக்காரி வேலை ஒரு நாள்கூட தாங்கல."

மார்ச் 9

ஈயத்தைச் சுரண்டி எறிந்தேன். இம்முறை வெள்ளி கலந்த ஒட்டுக் கம்பி, டார்ச் அதேதான். தடித்த குழாய். கொடுக்கிற சூட்டையெல்லாம் செம்பு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சுற்றிச் செங்கல் அடுக்கியும் பார்த்தேன். குழாய் கறுத்தது, சிவக்கவில்லை. கம்பி உருகி ஓடாமல் மணிமணியாக உருண்டு விழுந்தது.

ஆக்சிஜன் சிலிண்டரும் அசிட்டிலினும்தான் வேண்டும். என்னைச் சுட்ட அதே நெருப்பு. பயமா? ஆமா, பயம்தான். அதுக்காக?

மார்ச் 13

மேரேவை சொல்லியனுப்பிய சிலிண்டர்கள் கப்பலில் வந்தன. நான் போவதற்குள் இலியேசா இறங்குதுறையில் நின்று, திருப்பி ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்டாட்டி நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறார் கப்பல்காரரிடம்.

"உங்க பொண்டாட்டி இங்கதான் நிக்கிறா. அவகிட்டயே சொல்லுங்க" என்றேன் பின்னாலிருந்து.

"நீ இதைத் தொட்டா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், லோசனா."

"போங்க. மழை வருது, குடை எடுத்துக்குங்க."

போய்விட்டார். குடையை எடுக்கவில்லை.

மார்ச் 14

அன்று சுவாவில் என்னைச் சுட்டது கசிந்த ரப்பர் குழாய். அதனால் புதுக் குழாய் மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். பிறகு பற்றவைத்தேன்.

அன்று கேட்ட அதே சத்தம். இந்த நெருப்பை ஒரே இடத்தில் நிறுத்தினால் செம்பே ஓட்டையாகிவிடும். அலைத்துக்கொண்டே இருந்தேன். குழாய் மங்கலாகச் சிவந்தது. கம்பியை நெருப்பில் காட்டாமல் குழாயில் தொட்டேன். எண்ணெய்போல உருகி இடுக்குக்குள் ஓடிச் சுற்றி வந்தது. பயம் போகவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 15

குளிர்வாயு நிரப்பி ஓட்டினோம். கசிவு இல்லை. சாயங்காலம் முதல் ஐஸ் தடதடவென்று விழுந்தது. மேரேவை ஒரு துண்டை எடுத்து என் சட்டைக்குள் போட்டாள், பாவி.

மார்ச் 19

வீடு அமைதியாக இருக்கிறது. ஒரு ஆளுக்கு மட்டும் மரவள்ளி வேகவைக்க இன்னும் பழகவில்லை. அவரைக் கூப்பிடப் போவதில்லை.

மார்ச் 23

காலையில் ஐஸுக்கு நீள வரிசை. இலியேசா காலி மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக முன்னால் வந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் போடு. அண்ணன் படகு காத்திருக்கு."

"வரிசையில வாங்க."

அவர் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

வரிசையின் கடைசியில் போய் நின்றார்.