முப்பத்தாறு பாட்டில் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் மனைவிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? மாதம் நெருங்கிவிட்டது, அவளை அடிக்கடி மாடி ஏறி இறங்க விடாதே. நீயும் ராக்கெட்டே கதியென்று ஆபீசில் கிடக்காமல் நேரத்தோடு வீடு போய்ச் சேர்.

போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். நீ பேச ஆரம்பித்தால் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பேன், சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். இதை எழுதுவதற்குள்ளும் நாலு தடவை எழுந்து போய்விட்டேன். மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் கம்பெனி போட்டிருக்கும் விலக்கு மனு திங்கட்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஏவுதளத்துக்குச் சுற்றுச்சூழல் விதிகள் வேண்டாம், மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனையும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயாரித்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. பின்னால் ஆதாரமாக, மூன்று வருஷத்தில் நான் எடுத்த முப்பத்தாறு அளவுகள், என் கையெழுத்தோடு. அக்காவும் தம்பியும் ஒரே ஃபைலில்! அசட்டுத்தனமாக முதலில் சந்தோஷப்பட்டேன். எங்கள் அதிகாரியிடம்கூடக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பிறகுதான் நேரம் எழுதியிருந்த வரிசையைப் பார்த்தேன். முப்பத்தாறும் கடல் தண்ணீர் ஏறியிருந்த நேரம். ராக்கெட் கிளம்பும்போது தீயின்மேல் கொட்டுகிற தண்ணீர் எல்லாம் கழிமுகத்தில் ஒரு குழாய் வழியாகத்தானே வெளியே வருகிறது? அங்கே படகில்தான் போவேன். "தண்ணி வத்தினா படகு சேத்துல மாட்டிக்கும்மா" என்று படகுக்காரர் முதல் மாதமே சொன்னார். சரியென்று அவர் சொன்ன நேரத்துக்கே போய்ப் பழகிவிட்டேன். கடலில் பெருங்காயத்தைக் கரைத்துவிட்டு வாசனையைத் தேடிய கதைதான். இத்தனை வருஷம் இதே வேலை பார்ப்பவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

நேற்றுக் காலை, தண்ணீர் வற்றியதும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். முழங்கால் வரை சேறு. ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. குழாய்க்குக் கீழே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க எப்பவும் தண்ணி நிறைஞ்சிருக்கும்போதுதானே வருவீங்க? வத்தினாத்தான் வாடையே தெரியும்" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழாயடியில் பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்ததில் துத்தநாகம் அனுமதித்த அளவைப்போல ஏழு மடங்கு. பாட்டிலைச் சந்தேகப்பட்டு, கருவியைச் சந்தேகப்பட்டு, மூன்று முறை பார்த்தேன். மாறவில்லை.

"ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு அனுமதி வாங்கிட்டிருந்தா நாங்க எப்பக்கா மேல போறது?" என்று போன மாதம் கேட்டாய். நியாயம்தான். எங்கள் ஆபீசில் ஒரு காகிதம் அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் நீங்கள் நிலாவுக்குப் போய்த் திரும்பிவிடலாம். காகிதத்தைக் குறையுங்கள், நானும் கைதூக்குகிறேன். ஆனால் விலக்கு கிடைத்துவிட்டால் அந்தக் குழாயடியில் இனி யாரும் பாட்டில் பிடிக்கப்போவதில்லை. என் தப்புதான் கடைசி அளவாக நிற்கும். அந்த அம்மாள் தினமும் அதே சேற்றில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பார்.

எங்கள் அதிகாரி, மேலே எழுதிப் பதில் வரட்டும் என்கிறார். அது வருவதற்குள் உங்கள் மனுமேல் நடக்கப்போகும் விசாரணையே முடிந்துவிடும். உன் அத்தானோ, "சும்மா கெடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கறே? தம்பி வேலைக்கே உலை வெச்சிடுவ" என்று சொன்னதோடு சரி, நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொல்வதும் பொய்யில்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நான் எழுந்து, அந்த முப்பத்தாறு அளவையும் நம்பாதீர்கள், தப்பான நேரத்தில் எடுத்தவள் நான்தான் என்று சொல்லப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால் நீயே மனுவை நிறுத்தி, அளவுகளில் பிழை என்று எழுதிக் கொடுத்துவிடு. அக்கா கொடுத்ததை நம்பினான், தெரிந்ததும் திருத்தினான் என்று போகும். நான் சொல்லும்வரை நீ பேசாமல் இருந்தால், தெரிந்தே மறைத்தான் என்பார்கள். இந்தக் கடிதம் கிடைக்கும்போது உனக்கு நாலு நாள் இருக்கும்.

என்மேல் ஆத்திரம் வரும். திட்டு. ஒரு வருஷம் பேசாமல் வேண்டுமானாலும் இரு. ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. குழந்தை பிறந்ததும் எனக்கு நீயே சொல்லு. அடுத்தவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் அக்கா