போறதுக்கு ஒண்ணு, இருக்கிறதுக்கு ஒண்ணு

மருந்து வண்டி ஓட்டிய என் மாரிமுத்து அண்ணனுக்கு,

உன் மகள் வடிவு வண்டி வாங்கியிருக்கிறாள். எழுபது வயதில்! முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி மெதுவாகப் பேசலாம். எனக்கு எழுத வராதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை நிறுத்தி, "அத்தை, விஷயத்துக்கு வாங்க லா" என்று அதட்டுகிறாள். அப்படியே உன் குரல்.

சாதாரண வண்டி இல்லை. உள்ளேயே கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, காற்றாடி. கேம்பர்வேன் என்று பெயராம். அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், இனி ஊர் ஊராகப் போய்க் கடலோரம் நிறுத்திப் படுக்கப் போகிறாளாம். புஞ்சாக் ஆலாமில் நல்ல வீட்டை வைத்துக்கொண்டு வண்டிக்குள் படுப்பானேன்? நீ ஓட்ட, நான் உதவிக்கு நிற்க, தோட்டம் தோட்டமாகப் போன அந்த மருந்து வண்டியை விட்டு நாம் எப்போது இறங்குவோம் என்றுதானே இருந்தோம். அதிலும் அசாம் ஜாவா ரோட்டுக் குழி இருக்கிறதே... சரி, வடிவு முறைக்கிறாள்.

வண்டி வந்த அன்றைக்கு அவளுக்கு ஒரே குழப்பம்.

"அத்தை, இந்தக் கரண்டு விஷயம்தான் மண்டையில ஏறல. மேல சோலார், முன்னால ஒரு பேட்டரி, கட்டிலுக்கு அடியில ஒரு பேட்டரி, வீட்டுல சொருக ஒரு வயரு. எது எதுக்குன்னு கடைக்காரன் சொன்னான், மறந்துட்டேன்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "போறதுக்கு எது? இருக்கிறதுக்கு எது?"

வயரைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அத்தைக்கு இது எப்படித் தெரியும்? நீ சொன்னதுதானே, அண்ணே.

முன்னால் இருப்பது எஞ்சினை எழுப்ப. இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே உதையில் கொடுக்கும், எஞ்சின் ஓட ஓடத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பின்னால் இருப்பது நிதானக்காரன். விளக்குக்கும் காற்றாடிக்கும் மணிக்கணக்காக விட்டுக்கொடுக்கும், ஆனால் அதையும் அடிமட்டம்வரை உறிஞ்சக் கூடாது. வெயில் அடித்தால் மேலே உள்ள தகடு அதை நிரப்பும். மழை என்றால் ஓட்டி நிரப்பணும். வீட்டில் நின்றால் சுவரில் சொருகி நிரப்பணும். விளக்கு சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், ஐஸ் பெட்டி நாள் முழுக்கக் குடிக்கும், தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் ஒரே மடக்கில் குடித்துவிடும். நம் வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இதே இரண்டு பேட்டரிதான், ஆனால் சோலார் ஏது? சொருகச் சுவர் ஏது? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எந்த லயத்தில் அப்போது கரண்டு இருந்தது? நமக்கு எஞ்சின் ஒன்றுதான் எல்லாம்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த காலம் அது. ஆறு மணிக்குக் கேட்டை அடைத்தால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. ஒரு தடவை கேட்டில் நின்ற காவல்காரர் நம் பேட்டரிப் பெட்டியையே சந்தேகப்பட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

"உள்ள என்னா, அரிசியா?"

"கைய விட்டுப் பாருங்கண்ணே. ஆசிட்டுல கைதான் வெந்து வரும்" என்றாய் நீ.

இப்போது அந்தத் திருவிழா நாளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கடிதமே.

சபாக் பக்கம் நாம் குடியிருந்த ரப்பர் தோட்டம். மாரியம்மன் திருவிழா. ஆறு மணிக்குள் தேர் நிலைக்குத் திரும்ப வேண்டுமென்று பட்டப்பகலிலேயே நடத்தினார்கள். ஊர் ஊராகப் போய் "மருந்து வண்டி வந்திருச்சு" என்று கூவுவதற்கு நம்மிடம் ஒலிபெருக்கி இருந்ததால், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், அவர்தான் கோயில் தலைவர், அதைக் கேட்டார். வண்டியைக் கோயில் முன்னால் நிறுத்திவிட்டு நீ என்னிடம் சொன்னாய்: "பின்னாடி பேட்டரியில மட்டும் போடு, தங்கச்சி. முன்னாடி உள்ளதத் தொட்டுடாத." சொல்லிவிட்டுச் சோறு ஆக்குகிற இடத்துக்குப் போய்விட்டாய்.

காலையிலிருந்து இசைத்தட்டு ஓடியது. தேர் கிளம்புகிற நேரம் பார்த்துப் பின் பேட்டரி களைத்து, பாட்டு இழுக்க ஆரம்பித்தது. மண்டோர் கத்தினார், "என்னா புள்ள இது, ஆத்தாளுக்கு எழவு வீட்டுப் பாட்டா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. தேர் ஒரு சுற்று வரும்வரைக்கும்தானே என்று இரண்டு வயரையும் கழற்றி முன்னால் இருந்த பேட்டரியில் மாட்டினேன். ஆகா, என்ன சத்தம்! அந்தத் தோட்டத்திலேயே பெரிய ஆள் நான்தான் என்று நின்றேன்.

இங்கே வடிவு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தை, அப்பாதான் தப்பா மாட்டிட்டாருன்னுல்ல எல்லாரும் சொல்லுவாங்க?"

"நீ எழுது."

நடுவில் ஒரு மழை கொட்டி நின்றது. நாலரை மணிக்கு, நிறைமாதமாக இருந்த அண்ணிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. நம் வண்டியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்கால கெடக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், இப்பவே" என்றார். அண்ணியை வண்டியில் ஏற்றினோம். நீ எஞ்சினைக் கிளப்பினாய். 'டக்' என்றது. அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து என் வயரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். இரண்டு வயரையும் நீயே கழற்றினாய். இரண்டு அடி அடித்திருக்கலாமே, அண்ணே?

பின் பேட்டரி மூன்று மணி நேரம் சும்மா கிடந்திருந்தது. "களைச்சது கொஞ்சம் படுத்துக் கெடந்தா கொஞ்சம் எந்திரிக்கும்" என்று அதைத் தூக்கி முன்னால் வைத்தாய். பொறி விடுகிற அளவுக்கு இருந்தது, எஞ்சினைச் சுற்றுகிற பலம் இல்லை. எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கம்பியோ வளைந்துபோய்ப் பட்டறையில் கிடந்தது. தள்ளிப் பார்த்தோம். சேற்றில் சக்கரம் புதைந்து, தள்ளியவர்கள்தான் விழுந்தார்கள். தேர் லயத்து ரோட்டில் பாதியில் வந்துகொண்டிருந்தது. நீ அதை நோக்கி ஓடினாய்.

"மண்டோரே, வடத்தக் குடுங்க."

"நடு ரோட்டுல ஆத்தாள நிறுத்திட்டு வடத்த அவுக்கறதா? தேரு நிலைக்கு வராம அவுத்தது எங்கயாச்சும் உண்டா, மாரிமுத்து?"

"இல்ல. இன்னிக்கு உண்டாக்குங்க."

வண்டிக்குள்ளிருந்து அண்ணி அலறியது கேட்டது. மண்டோர் அம்மனைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்து தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார்.

"ஆத்தா நிப்பா. புள்ள நிக்காது. புடிங்கடா!"

தேர் இழுத்த அத்தனை பேரும் வண்டியை இழுத்தார்கள். பழக்க தோஷம், "ஓம் சக்தி" என்று கத்திக்கொண்டே இழுத்தார்கள். வண்டி சேற்றைவிட்டு எழுந்து ஓடியது, எஞ்சின் இரண்டு தடவை இருமி உறுமியது. "ரெண்டாந்தேருக்குத் தேங்கா ஒடைக்கலையே லா!" என்று யாரோ கத்த, அழுதுகொண்டே நான் சிரித்தேன். கேட்டை அடைக்கக் கை வைத்திருந்தார்கள். நீ தாண்டிவிட்டாய்.

வடிவு பிறந்தாள். அண்ணியும் பிழைத்தாள்.

ஆபீசில் விசாரித்தபோது நீ சொன்னாய், "வண்டி எங்கிட்ட குடுத்தது சார். தப்பும் என்னுது." ஒரு மாதம் உன்னை வண்டியைத் தொடவிடாமல் மருந்துப் புட்டி கழுவ வைத்தார்கள். திரும்பி வந்த அன்றே இரண்டு டப்பா சாயத்தோடு உட்கார்ந்தாய். முன் பெட்டிக்குச் சிவப்பு, பின் பெட்டிக்குப் பச்சை. "செவப்பு போறதுக்கு. பச்ச இருக்கிறதுக்கு. எழுத்து வேணாம் தங்கச்சி, நிறம் போதும்." எனக்குப் படிக்கத் தெரியாதென்பதை அவ்வளவு மெதுவாகச் சொன்னவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். கண்ணை மூடும்வரை அண்ணியிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் அண்ணே?

அதனால்தான் இன்றைக்கு எல்லாரும் படிக்கட்டும் என்று எழுதச் சொல்கிறேன். தப்பு என்னுடையது. மீட்டது என் அண்ணன். இப்படி ஓர் அண்ணன் எத்தனை பேருக்குக் கிடைத்தான்?

வடிவு பேனாவை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள், "அதான் வருஷா வருஷம் என் பொறந்த நாளுக்கு ரெண்டு சேலையா, அத்தை?"

"ஆமா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு என் தப்புக்கு."

"அடுத்த வருஷமும் ரெண்டுதான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள், உன் மகள்.

அவள் வண்டியிலும் சாயம் அடித்தாயிற்று, அதே சிவப்பு, அதே பச்சை. முதல் பயணம் எங்கே தெரியுமா? நம் தோட்டத்துத் திருவிழாவுக்கு. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது, ஆத்தா அங்கேயேதான் இருக்கிறாள். கோயில்காரர்கள் இப்போதே ஒலிபெருக்கிக்குக் கரண்டு கேட்டிருக்கிறார்கள்.

கொடுப்பேன், அண்ணே. பச்சையிலிருந்து கொடுப்பேன். பாட்டு எழவு வீட்டுப் பாட்டாக இழுத்தாலும், ஊரே சேர்ந்து சிரித்தாலும், சிவப்பில் கை வைக்க மாட்டேன். தேர் நிலைக்கு வந்த பிறகு உன் மகள் எஞ்சினைக் கிளப்புவாள். ஒரே உதையில் அது உறுமும்போது, சத்தம் உனக்குக் கேட்க வேண்டும்.

பெட்டிக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி செல்லம்மா