ஷெர்லினின் படமும் விலாசமும்

ஷெர்லின் அப்பா,

கடலிலிருந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். நானும் ஷெர்லினும் எட்டு மணிப் படகில் சாத்தம் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து போலீஸில் புகார் கொடுக்கப் போகிறோம்.

நீங்கள் வரன் குரூப்பில் போட்ட அவள் படமும் விலாசமும் யார் கைக்கெல்லாம் போனதோ தெரியவில்லை. நேற்று அவள் ஆபீஸ் வாசலில் வழிமறித்தவன், "நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றேன், அப்பாகிட்ட சொல்லிடு" என்றானாம். அவன் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். சரிபார்க்க என்று உங்கள் ஆதார் கார்டைக் கேட்டாலும் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் மண்டல் தாதாவிடம் சொல்லியிருக்கிறேன், கூப்பிட்டால் உடனே வருவார்.

சோறு வடித்திருக்கிறேன். சூரைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று உங்களை மட்டும் அத்தனை திட்டினேன். அவள் எங்கே வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்று சொன்னது நான்தான். குரூப்பில் பார்த்ததாகச் சொல்லி, மாப்பிள்ளையின் அக்கா என்று ஒருத்தி போனில், "அம்மா, நீங்க எந்தச் சர்ச்சுக்குப் போவீங்க?" என்று அவ்வளவு பணிவாக ஆரம்பித்தாள். நம்பி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

காலையில் ஷெர்லினிடம் இதை ஒப்புக்கொண்டேன். "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா, ரெண்டு பேரும்?" என்றாள்.

அமுதம்

குரூப்பில் போட்டதை இப்போதே அழித்துவிட்டு அவளுக்கு போன் பண்ணுங்கள். அப்பாவோடு பேசமாட்டேன் என்கிறாள். ஆனால் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.