நான் ஊரில் இல்லாத வாரம்

மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. அல்லா புண்ணியத்தில் நான் நலம், ஆடுகள் நலம், கடலை வியாபாரமும் படுத்துவிடவில்லை. நீ இருக்கும் கொத்தோனுவில் மழை ஓயவில்லையாமே, ஈரச் சட்டையோடு திரியாதே.

உன் பிள்ளை இல்லியாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், முழுக்கப் படித்துவிட்டுப் பதறு. போன மாதம் சுகாதார நிலையத்து லாரே வீடுவீடாக வந்து பிள்ளைகளின் கையில் நிறப்பட்டை சுற்றி அளந்தாள், அவனுக்குச் சிவப்பில் நின்றது. மூட்டையைத் தொட்டே எடை சொல்வியே தலாத்து, சொந்தப் பேரன் இளைச்சது மட்டும் கண்ணுல படலையாக்கும் என்று என்னைக் குத்தினாள். ஊட்டச் சொல்லி ஒரு பை நிறையச் சத்து பாக்கெட் தந்தாள். நான் விடுவேனா, ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், நம் கடலைதான், பால்மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள், கடலையை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம். பாக்கெட் தீர்ந்துகொண்டே வந்தது, பிள்ளை மட்டும் தேறவில்லை. இப்படியே போனால் மராதி ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்றாள் லாரே.

சரக்கு போகிறது, கணக்கு உதைக்கிறது என்றால் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி நஃபிசா பாக்கெட்டை விற்கிறாளோ என்று சந்தை முழுக்கத் தேடினேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவளைக் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். பிறகு கொள்முதலுக்காக மராதி போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பயல் கோழியைத் துரத்துகிறான், லாரே அளந்ததில் பட்டை மஞ்சளைத் தொட்டுவிட்டது! அந்த வாரம் அப்படி என்ன மாறியது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். வீடு அதே, பாக்கெட் அதே, நான்தான் இல்லை. நம் வீட்டோடு வளரும் உன் தங்கை பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தினமும் எங்களுக்கும் பங்கு உண்டு பாட்டி, நீ ஊருக்குப் போனப்பதான் மாமி எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க என்று மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம்தான் உறைத்தது. தலைப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, மாமியார் எதிரில் மடியில் போட்டுத் தனியாக ஊட்டினாலோ நம் ஊரில் வெட்கம் கெட்டவள் என்பார்களே, அதற்குப் பயந்து எல்லாருக்கும் ஒரே தட்டில் பிதுக்கிப் பங்கு வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து விடிந்ததும் கடைக்குக் கிளம்பிவிடுகிறேன், கடலை உடைக்க வாங்கடா என்று வாண்டுகளையும் இழுத்துக்கொண்டு போகிறேன். திரும்பும்போது வேலிக்கு வெளியே நின்று பலமாக இருமிவிட்டுத்தான் நுழைவது. நேற்று இருமப்போய் நிறுத்திக்கொண்டேன். உள்ளே அவள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றேன். போனில் இதைப் பற்றி அவளிடம் கேட்டு வைக்காதே, அவள் மறுபடி கதவைத் திறந்துபோட்டுவிடுவாள்.

வியாழக்கிழமை மறுபடி அளக்கிறார்கள், தொழுகையில் மறக்காதே. உனக்கு ஆயுசும் வரும்படியும் அல்லா தரட்டும். நீயும் என் தலைப்பிள்ளை, உன்னை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காகிதத்தில் கூப்பிட்டால் யார் காதில் விழப்போகிறது? சானூசி, வேளைக்குச் சாப்பிடுப்பா.

உன் அம்மா
தலாத்து